பட்டமும் பட்டறையும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் இளைஞர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்பவர். எனக்கு நெடுநாளாகத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. வணங்கி அமர்ந்தவர், சிறிது நேரம் தயங்கியபின் வந்த காரியத்தைச் சொன்னார். "ஐயா, தொழிலகம் ஒன்றில் நான்கு வாரம் பயிற்சி பெற்றதாகக் கல்லூரியில் சான்றிதழ் காட்ட வேண்டும். விடுமுறையில் எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. உங்களிடம் படித்தவர்கள் பலர் இன்று தொழிலகங்களில் பெரிய பதவியில் இருக்கிறார்கள். ஒருவரிடம் சொல்லிச் சான்றிதழ் மட்டும் வாங்கித் தர முடியுமா?" என்றார்.

நான் சினம் கொள்ளவில்லை. சினம் கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற சான்றிதழ் ஒன்றை அதே வழியில் பெற்றவன் நான். அதனால் விளைந்தது என்ன, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதை அன்று அவருக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்த ஒருவன் தன் மாணவப் பருவத்துப் பிழையைப் பலர் அறியச் சொல்வது எளிதன்று. ஆயினும், அறிவுரை கூறுவதைக் காட்டிலும் நடந்ததைக் கூறுவது பயன் தரும் என்று கருதுகிறேன்.

அக்காலத்தில் பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓராண்டு புகுமுக வகுப்பு. அதன்பின் பொறியியல் படிப்பு ஐந்தாண்டு. நான் 1969இல் சேர்ந்தேன். நான்காம் ஆண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையில் நான்கு வாரம் தொழிலகப் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. 1973ஆம் ஆண்டு கோடையில் என் தந்தையாரின் நண்பர் ஒருவர் வழியாக ஒரு வார்ப்படச் சாலைக்குச் சென்றேன். வெயிலும் உலையின் வெப்பமும் சேர்ந்து என்னை வாட்டின. முதல் நாள் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். இரண்டாம் நாள் நண்பகலில் வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் போகவேயில்லை. நான்கு வாரம் கழித்துச் சான்றிதழ் அஞ்சலில் வந்தது. "ஊக்கத்துடன் பயின்றார்" என்று அதில் எழுதியிருந்தது! அதைக் கல்லூரியில் கொடுத்தேன். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் தேறினேன்.

1974இல் கோயம்புத்தூரில் நீர் இறைக்கும் பம்புகள் செய்யும் தொழிலகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. வரைபடப் பிரிவில் அமர்ந்து பம்பின் உறுப்புகளுக்குப் படம் வரைவதும், சோதனையில் தவறும் உறுப்புகளுக்குக் காரணம் எழுதுவதும் என் பணிகள். சேர்ந்த சில மாதங்களில் ஒரு புதிய பம்பின் உடற்பகுதிக்கு நானே படம் வரைந்தேன். மெல்லிய சுவர், அச்சுவரின் ஓரிடத்தில் மரையாணி பொருத்துவதற்காகத் திடீரெனத் தடித்துப் புடைத்த ஒரு பகுதி. அதனைத் தொழிலகத்தில் 'பாஸ்' என்பர். என் படம் அழகாக இருந்தது, அளவுகள் யாவும் சரியாக இருந்தன, மேலதிகாரியும் கையெழுத்திட்டார்.

முதன்முறை முப்பது வார்ப்புகள் செய்தார்கள். அவற்றைக் கடைந்து துளையிட்டு, உள்ளே நீரை அழுத்தத்துடன் செலுத்திச் சோதித்தபோது பதினொன்று ஒழுகின. காரணம் எழுத வேண்டியவன் நான். வார்ப்படச் சாலைக்குச் சென்று பார்க்காமலே, "அச்சு மணல் சரியாக இடிக்கப்படவில்லை; வார்ப்பவரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். புத்தகத்தில் வார்ப்புக் குறைகளுக்குரிய அட்டவணையில் அக்காரணம் முதலாவதாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

அங்கே மோல்டர்களுக்கு உருப்படிக் கூலி. நல்ல வார்ப்புக்குத்தான் பணம். மோல்டரின் தவறால் கெட்டது என்று எழுதப்பட்டால் அந்த உருப்படிக்குக் கூலி இல்லை. இதுவும் எனக்கு அன்று தெரியாது. நான் எழுதிய ஒரு வரி, ஒரு குடும்பத்தின் அரிசிப் பானைக்குள் கை விட்டது என்பதை அறியாமல் மாலையில் விடுதிக்குச் சென்று நிம்மதியாக உறங்கினேன்.

சனிக்கிழமை கூலி கொடுத்தார்கள். அன்று மாலை வயது முதிர்ந்த ஒரு மோல்டர் என் மேசையருகே வந்து நின்றார். கையில் உடைத்த வார்ப்புத் துண்டுகள் மூன்று. அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்தார். அவர் குரலில் சினம் இல்லை.

"தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மணலின் குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். மணல் கெட்டிருந்தால் ஒவ்வொரு வார்ப்பிலும் ஒவ்வோர் இடத்தில் ஓட்டை இருக்கும். பதினொன்றிலும் ஒரே இடத்தில் அல்லவா இருக்கிறது! இது மணல் செய்த பிழையா, படம் செய்த பிழையா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். மூன்று துண்டிலும் நான் வரைந்த அந்தப் புடைப்பின் நடுவே, கறையான் அரித்த மரம்போலப் பொள்ளல்கள் இருந்தன. "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மெல்லிய இடத்தில் இரும்பு முதலில் உறையும்; தடித்த இடத்தில் கடைசியாக உறையும். உறையும்போது இரும்பு சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப இன்னும் கொஞ்சம் இரும்பு வேண்டும். அது எந்த வழியாக வரும்? மெல்லிய சுவர்தான் முன்பே உறைந்து வழியை அடைத்துவிட்டதே! கடைமடை வயலுக்கு நீர் பாயும் முன்பே வாய்க்காலை அடைத்தால் பயிர் என்னவாகும், தம்பி?"

நண்பர்களே, அன்று எனக்கு ஏற்பட்ட நாணத்தின் காரணத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னது எனக்குத் தெரியாத செய்தி அன்று. செவோரினோவ் என்னும் அறிஞர் 1940இல் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. ஒரு வார்ப்பு உறைவதற்கு ஆகும் காலம், அதன் கன அளவை மேற்பரப்பால் வகுத்து வரும் எண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பது அவ்விதி. அந்த எண் இரு மடங்கானால் உறையும் காலம் நான்கு மடங்காகும். இதனை நான் மனப்பாடமாக அறிவேன். தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆயினும் என் கை அந்தப் படத்தை வரைந்தபோது அவ்விதி என் நினைவுக்கு வரவில்லை. விடைத்தாளில் இருந்த அறிவு விடைத்தாளோடு போயிற்று. உறையும் இரும்பை ஒரு நாளேனும் அருகிருந்து பார்த்திருந்தால், அவ்விதி என் மூளையில் மட்டும் அன்றி என் கையிலும் இருந்திருக்கும். அதற்காகத்தான் அந்த நான்கு வாரங்களை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றைத்தான் நான் விற்றுவிட்டேன்.

மறுவாரம் திங்கட்கிழமை காலை மேலாளரிடம் சென்று, அறிக்கை தவறு என்றும் படமே காரணம் என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைக் கடிந்துகொண்டார்; ஆயினும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். பதினொரு வார்ப்புக்குரிய கூலி அடுத்த சனிக்கிழமை அந்த முதியவருக்குக் கிடைத்தது. அதன்பின் மேலாளரிடம் ஓர் அனுமதி கேட்டேன். என் வேலை தொடங்கும் முன் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வார்ப்படச் சாலையில் அவருக்குத் துணையாக வேலை செய்ய விரும்பினேன். நான்கு வாரம் செய்தேன். கல்லூரிக்கு நான் பட்டிருந்த கடன் அது.

அந்த நான்கு வாரத்தில் கற்றவை பல. மணலில் ஈரம் போதுமா என்பதை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்து அறிவார்கள். விரல் தடம் மணலில் தெளிவாகப் பதிய வேண்டும். கட்டியை இரண்டாக ஒடித்தால் விளிம்பு உதிராமல் நிற்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை. ஆனால் அந்தப் 'போதும்' என்பது எது என்று என் கைக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. உலையிலிருந்து இரும்பு வரும் வேளையில் எவரும் வீண்பேச்சுப் பேசுவதில்லை என்பதையும், ஏன் பேசுவதில்லை என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

பின்னர் அந்தப் படத்தை மாற்றி வரைந்தேன். சுவர் படிப்படியாகத் தடிக்குமாறு செய்தேன். புடைப்பின் நடுவே மணற்கருவை வைத்து இரும்பின் திரளைக் குறைத்தேன். எவ்வளவு குறைப்பது என்பதை அந்தப் பழைய விதியைக் கொண்டே கணக்கிட்டேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதியவருக்கு எங்கே பிழை என்பது தெரியும். எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரியாது. பலமுறை செய்து பார்த்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்திருப்பார். கணக்கு ஒரே நாளில் அதைத் தந்தது. அடுத்த முப்பது வார்ப்பில் இரண்டே ஒழுகின. அவை இரண்டும் வெவ்வேறு இடத்தில் ஒழுகின. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்த முதியவர், "இது என் மணல்தான், தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. ஏட்டுப் படிப்பைப் பழிப்பவர்கள் அதை அடிக்கடி எடுத்துரைப்பர். என் அனுபவத்தில் அது பாதி உண்மையே. ஏட்டில் உள்ள சுரைக்காயை மட்டும் அறிந்தவன் கறி சமைக்க இயலாது என்பது மெய். ஆனால் எந்தச் சுரைக்காய் கசக்கும், ஏன் கசக்கும், அடுத்த ஆண்டு கசக்காமல் இருக்க விதையை எங்கே தேர்வது என்பவற்றை அறிய ஏடு வேண்டும். பட்டறை கேள்வியை எழுப்பும். படிப்பு அதற்குக் காரணம் காட்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் மனிதன் ஒற்றைக் காலில் நடப்பவன் ஆவான்.

இவ்விரண்டையும் ஒரே படிப்பில் இணைக்கும் முயற்சி நம் காலத்தில் தோன்றியது அன்று. இங்கிலாந்தில் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் 1903ஆம் ஆண்டிலேயே, சில மாதம் கல்லூரி, சில மாதம் தொழிலகம் என்னும் முறை தொடங்கிற்று. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே காய்கறி வைப்பதுபோல் இரண்டு படிப்புக் காலங்களுக்கு இடையே வேலைக் காலம் அமைவதால், இதற்குச் 'சாண்ட்விச்' படிப்பு என்ற பெயரே பின்னாளில் வழங்கலாயிற்று.

அமெரிக்காவில் இம்முறையை வேரூன்றச் செய்தவர் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர். இவர் லீஹை பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தபோது, படித்து வெளியேறிய மாணவருள் தொழிலில் சிறந்து விளங்கியவர் யார் என்று ஆராய்ந்தார். படிக்கும் காலத்திலோ விடுமுறையிலோ கைவேலை செய்தவர்களே அவர்களில் பலர் என்று கண்டார். வறுமையால் வேலைக்குச் சென்ற மாணவனுக்குத் தற்செயலாகக் கிடைத்த நன்மையை எல்லா மாணவருக்கும் திட்டமிட்டுக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின், 1906இல் 27 மாணவரோடு அதனைத் தொடங்கினார். சின்சினாட்டி அக்காலத்தில் கடைசல் எந்திரங்கள் முதலான பொறிகளைச் செய்வதில் பெயர் பெற்ற நகரம். மாணவரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஒரு வாரம் வகுப்பில் இருக்கும். மற்றது தொழிலகத்தில் இருக்கும். மறுவாரம் இடம் மாறும். இதனால் தொழிலகத்தில் அந்த வேலையிடம் ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை. மாணவர் செய்த வேலைக்குக் கூலியும் பெற்றனர். விலையுயர்ந்த எந்திரங்களை வாங்கிப் பல்கலைக்கழகத்தில் அடுக்க வேண்டிய செலவும் குறைந்தது.

"இது பல்கலைக்கழகமா, பட்டறையா?" என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். அவர்கள் ஐயம் நிலைக்கவில்லை. ஷ்னைடர் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவே உயர்ந்தார். ஒஹையோ மாநிலத்தில் ஆண்டியாக் கல்லூரி 1921இல் இம்முறையை மேற்கொண்டு, பொறியியல் மாணவர்க்கு மட்டும் அன்றி இலக்கியமும் வரலாறும் பயில்வோர்க்கும் உரியதாக்கிற்று. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தோன்றியபோதே இந்த அடிப்படையில் தோன்றியது. இன்று அங்கே இம்முறையில் பயில்வோர் நான்கு மாதம் படிப்பதும் நான்கு மாதம் வேலை செய்வதுமாக மாறி மாறிச் சென்று பட்டம் பெறுகிறார்கள்.

நம் நாட்டைப் பார்ப்போம். மருத்துவம் படிப்பவர் இறுதித் தேர்வில் தேறிய உடனே முழு மருத்துவராகிவிடுவதில்லை. ஓராண்டு மருத்துவமனையில் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வந்து பணி செய்தபின்னரே பதிவு பெறுகிறார். அதனை எவரும் வீண் என்று சொல்வதில்லை. நோயாளியைத் தொட்டுப் பாராதவரிடம் நம் உடலை ஒப்படைக்க நாம் யாரும் இசைய மாட்டோம். ஆசிரியப் பயிற்சி பெறுவோரும் பள்ளிக்குச் சென்று உண்மையான வகுப்பில் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டவேண்டும்.

வேளாண்மை பயில்வோர் இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ்ச் சிற்றூர்களுக்குச் சென்று தங்குகிறார்கள். உழவரோடு வயலில் இறங்குகிறார்கள். ஊர் மக்களைக் கூட்டி, கோலப்பொடியால் தரையில் ஊரின் வரைபடத்தை அம்மக்களைக் கொண்டே வரையச் செய்து, எங்கே நீர் உண்டு, எங்கே இல்லை என்று அறிகிறார்கள். விதை நேர்த்தி செய்யும் முறையையும், மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துப் பூச்சியைப் பிடிக்கும் முறையையும், தென்னைக்கு வேர் வழியே மருந்து கொடுக்கும் முறையையும் செய்து காட்டுகிறார்கள். கற்பிக்கச் சென்றவர்கள் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். "இந்த மருந்தின் விலை என்ன? அதை வாங்க எனக்கு எத்தனை நாள் கூலி வேண்டும்?" என்று ஓர் உழவர் கேட்கும் கேள்வி எந்தத் தேர்வுத்தாளிலும் வருவதில்லை.

கோயம்புத்தூரில் 1926இல் தோன்றிய தொழிற்கூடம் ஒன்றை அடுத்து, 1951இல் அதே அறக்கட்டளையின் சார்பில் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அங்கே சாண்ட்விச் முறையில் பொறியியற் பட்டப் படிப்பும் நடைபெற்று வந்துள்ளது. வகுப்பறைக்கு அருகிலேயே பம்பும் மோட்டாரும் கடைசல் எந்திரமும் செய்யும் தொழிற்கூடம் இருப்பது மாணவர்க்கு எத்துணைப் பேறு! இராசத்தானத்தில் பிலானி நகரிலுள்ள தொழில்நுட்ப அறிவியற் கழகம் 1973இல் பயிற்சிப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கி, மாணவரை ஆசிரியரின் மேற்பார்வையோடு தொழிலகங்களுக்கு அனுப்பிற்று. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் கைத்தொழில் பழகுவோர்க்கே உரியதாயிருந்தது. 1973இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் அதனுள் சேர்த்து, பழகும் காலத்தில் அவர்களுக்கு உதவித்தொகை கிடைக்க வழி செய்தது. நான் இரண்டு நாளில் வீடு திரும்பிய அதே 1973! நாடு இதன் அருமையை உணர்ந்து சட்டம் செய்துகொண்டிருந்தபோது நான் நிழலில் படுத்திருந்தேன்.

அண்மைக் காலத்தில் இக்கருத்து இன்னும் வலுப்பெற்றுள்ளது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் தொழிலகப் பயிற்சிக்குக் கட்டாய இடம் அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2020இல், தொழிற்பழகுதலைப் பட்டப்படிப்பினுள்ளேயே ஒரு பகுதியாக அமைப்பதற்கு வழிமுறைகளை வெளியிட்டது. கலை, வணிகம் பயில்வோர்க்கும் இப்போது வாயில் திறந்திருக்கிறது. தமிழ் பயில்பவர் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தலாம். வரலாறு பயில்பவர் ஆவணக் காப்பகத்தில் அட்டவணை தொகுக்கலாம். வணிகம் பயில்பவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதலாம்.

ஆனால் விதி மட்டும் போதாது. விதி இருந்த காலத்தில்தான் நான் தப்பினேன். இன்றைய நிலையிலும் மூன்று குறைகளைக் காண்கிறேன்.

முதலாவது, மாணவர் செய்யும் பிழை. அது சான்றிதழை விலைக்கோ தயவுக்கோ வாங்குவது. இதைப் பற்றி மேலே சொன்னேன்.

இரண்டாவது, தொழிலகங்கள் சில செய்யும் பிழை. பயிற்சிக்கு வந்தவரைத் தாள் அடுக்கவும் தேநீர் வாங்கவும் அனுப்புவது ஒருவகை. முழு வேலையையும் வாங்கிக்கொண்டு ஒரு காசும் கொடாமல், கற்றும் கொடாமல் அனுப்புவது மற்றொரு வகை. ஷ்னைடர் தம் மாணவர்க்குக் கூலி கிடைக்கச் செய்தார் என்பதை மறக்கலாகாது. வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளை கூலியின்றி இரண்டு மாதம் வேறூரில் தங்க முடியும். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை என்ன செய்வான்? கோடையில் அவன் சம்பாதித்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணம். உதவித்தொகை இல்லாத பயிற்சி, வசதி உள்ளவர்க்கு ஏணியாகவும் இல்லாதவர்க்குச் சுவராகவும் அமைந்துவிடும்.

மூன்றாவது, கல்லூரிகள் செய்யும் பிழை. மாணவரை அனுப்பிவிட்டுப் பின்னர் ஒரு தாளை மட்டும் பெற்றுக்கொள்வது. ஆசிரியர் ஒருமுறையேனும் அங்கே நேரில் செல்ல வேண்டும். திரும்பி வந்த மாணவனை அமர்த்தி, "என்ன பார்த்தாய்? எது உனக்குப் புரியவில்லை?" என்று கேட்க வேண்டும். என்னை ஓர் ஆசிரியர் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அன்றே அகப்பட்டிருப்பேன். அந்த முதியவரின் கூலியும் தப்பியிருக்கும். பிற்காலத்தில் நான் ஆசிரியனானபின் ஒவ்வோர் ஆண்டும் இக்கேள்வியை ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டேன். சான்றிதழைப் படிக்கும் முன் அவர்கள் கைகளைப் பார்ப்பேன் என்று என்னைப் பற்றிக் கேலி பேசுவார்களாம். பேசட்டும்.

பயிற்சிக்குச் செல்லும் உங்களுக்குச் சில சொற்கள். முதல் நாளே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். கருவிகளுக்கு அங்குள்ளவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். புத்தகப் பெயர் ஒன்றாகவும் பட்டறைப் பெயர் வேறாகவும் இருக்கும், இரண்டும் வேண்டும். உங்கள் கையாலேயே படம் வரையுங்கள். எந்திரத்தைத் தொடும் முன் அதை நிறுத்துவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தளர்ந்த ஆடையோடும் தொங்கும் அணிகளோடும் சுழலும் எந்திரத்தின் அருகே செல்லாதீர்கள். பெண்மக்கள் பின்னலை முடிந்து மூடிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வேலை செய்பவர்களை மதியுங்கள். அவர்கள் பட்டம் பெறாதவர்களாக இருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கற்பிக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. தம் வேலை நேரத்தைச் செலவிட்டுத்தான் கற்பிக்கிறார்கள். உருப்படிக் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அந்தக் காசை உங்களுக்காகச் செலவிடுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கற்பிப்பவர் தெரிந்தவனைப் பார்த்துப் பேசுவதைவிடத் தெரியாதவனைப் பார்த்து மகிழ்ந்து பேசுவார்.

என்றேனும் ஒருநாள் நீங்கள் மேசையருகே அமர்ந்து, யாரோ ஒருவருடைய வேலையைப் பற்றி ஒரு வரி எழுத நேரிடும். பொறியாளராகவோ, அலுவலராகவோ, மேலாளராகவோ அந்த வரியை எழுதுவீர்கள். அந்த வரி ஒரு குடும்பத்தின் உணவைத் தொடும். அந்த இடத்தில் நின்று பார்த்தவன் எழுதும் வரிக்கும், பாராதவன் எழுதும் வரிக்கும் உள்ள வேறுபாடே பட்டத்தோடு சேர்ந்த இந்தப் பயிற்சியின் முழுப் பயன். நல்ல வேலை கிடைக்கும், கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்பனவெல்லாம் அதன்பின் வருபவை.

அன்று என்னைக் காண வந்த இளைஞர் இவற்றையெல்லாம் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஐயா, சான்றிதழ் வேண்டாம், பயிற்சிக்கு இடம் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். நான்கு வாரம் சென்று வந்தார். சென்ற மாதம் தம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இன்று மிகவும் வெப்பம். வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.'

அந்த வரியைப் படித்தபோது நான் பெற்ற மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று பேச வந்தேன்.